சிங்கப்பூரில் மீனவர் கிராமம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?

"ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை ஊரில் மீன்பிடித் தடைக்காலம். அந்த 61 நாளில் ஒரு மாதம் அப்பா சிங்கப்பூர் வந்து எங்களோடு இருக்கப்போகிறார். நாகப்பட்டினத்துக்குப் பக்கத்து ஊர், சின்ன வயதிலிருந்தே கடல் தொழில். மால், மிருகக்காட்சிசாலை எல்லாம் அவருக்கு ஒட்டாது. கூட்டிப்போய்க் காட்ட இங்கே மீனவர் கிராமம் ஏதாவது மிச்சம் இருக்கிறதா?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

நேராகச் சொல்லிவிடுகிறேன், தம்பி. வலை காயும் முற்றம், கரையில் ஏற்றிய படகுகள், ஏலம் கூறும் சத்தம், கூடையோடு பெண்கள் என்று நீங்கள் மனத்தில் வைத்திருக்கும் ஊர் சிங்கப்பூரில் இல்லை. கடைசியாக இருந்த சிலவும் 1990களோடு முடிந்துவிட்டன. ஆனால் உங்கள் அப்பா வேடிக்கை பார்க்க வருகிறவர் இல்லை, தொழில்காரர். புதுப்பித்து வண்ணம் பூசிய ஒரு கம்பத்து (மலாய்க் கிராமத்து) வீட்டைக் காட்டினால் மரியாதைக்குத் தலையாட்டிவிட்டு வந்துவிடுவார். இந்தக் கடலில் எப்படி மீன் பிடித்தார்கள், ஏன் அப்படிப் பிடித்தார்கள், பிடித்த மீன் எங்கே போனது என்று காட்டினால் உங்களையே உட்கார வைத்துப் பாடம் நடத்துவார். அதற்கு இங்கே வேண்டிய மட்டும் இருக்கிறது. ஓரிடத்தில் இல்லாமல் தீவு முழுக்கச் சிதறிக் கிடக்கிறது, அவ்வளவுதான்.

முதலில் கடலையே காட்டுங்கள். சாங்கி கடற்கரையில் நின்றதும் "அலை எங்கே?" என்றுதான் கேட்பார். நாகையில் கரையோர அலைமடிப்புகளைத் தாண்டினால்தான் தொழில். கட்டுமரம் வந்ததே அதற்காகத்தான்: மேலே ஏறுகிற தண்ணீர் கட்டைகளின் இடுக்கில் வடிந்துவிடும், கவிழ்ந்தாலும் மூழ்காது. இங்கே மேற்கே சுமத்ரா, வடக்கே ஜொகூர், தெற்கே ரியாவ் தீவுகள் என்று சுற்றிலும் மறைப்பு. 2004 டிசம்பர் 26 அன்று நாகையை அடித்துப்போட்ட ஆழிப்பேரலை இந்தக் கரைக்கு வராததும் சுமத்ரா குறுக்கே கிடந்ததால்தான். அலை இல்லையே தவிர, ஏற்றவற்றம் பெரிது. நாகையில் அது ஒரு மீட்டருக்குள் அடங்கிவிடும். இங்கே அமாவாசை, பௌர்ணமியை ஒட்டி மூன்று மீட்டர் வரை போகும். அந்தத் தண்ணீர் முழுவதும் தீவுகளுக்கு நடுவே உள்ள குறுகிய இடைவெளிகளில் புகுந்து வெளியேற வேண்டும், அதனால் நீவாடு, அதாவது நீரோட்டம், வலுவாக இருக்கும்.

அலை கிடையாது, இழுப்பு உண்டு, ஆழம் குறைவு, அடி பெரும்பாலும் சேறு. இப்படிப்பட்ட கடலில் என்ன தொழில் செய்வீர்கள் என்று அவரையே கேட்டுப் பாருங்கள். ஓரிடத்தில் பொறி கட்டிவிட்டு, ஓட்டம் மீனைக் கொண்டுவரட்டும் என்று காத்திருக்கலாம் என்பார். இங்கே அதன் பெயர் கெலோங். பழவேற்காட்டு ஏரியில் பாடு என்று முறைவைத்து இடத்தைப் பங்கிட்டு, முளையடித்து வலை கட்டுவதை அவர் பார்த்திருந்தால் பாதி விஷயம் சொல்லாமலே புரிந்துவிடும். நாகைக் கரையில் இப்படி ஒன்றைக் கட்டினால் முதல் வாடைக்காற்றுக்கே பிடுங்கிக்கொண்டு போய்விடும்.

கெலோங் என்பது கடலில் கம்பு நட்டுக் கட்டிய மீன்பொறி. அதன் தலையிலேயே ஆட்கள் தங்க ஒரு குடிசையும் இருக்கும். கம்பு, நிபோங் என்ற ஒருவகைப் பனை. சதுப்புநிலக் காட்டோரம் வளர்வது, உப்புத் தண்ணீரில் சீக்கிரம் உளுக்காது. கரைப்பக்கத்திலிருந்து ஆழத்தை நோக்கி நீளமாக ஒரு வேலி நடுவார்கள். ஓட்டத்தோடு வரும் மீன்கூட்டம் வேலியில் முட்டும். முட்டிய மீன் கரைப்பக்கம் திரும்பாது, ஆழத்துக்குத்தான் திரும்பும். பொறியின் சூட்சுமம் முழுக்க இதில்தான் இருக்கிறது. வேலியை ஒட்டியே ஆழம் தேடிப் போகிற மீன், வாய் அகன்று உள்ளே குறுகும் ஓர் அறைக்குள் நுழையும். அங்கிருந்து இன்னோர் அறை. கடைசி அறையில் அடியில் வலை விரித்திருக்கும். இரவானதும் அந்த அறைக்கு மேலே விளக்கைத் தொங்கவிடுவார்கள். முன்பு பெட்ரோமாக்ஸ், பிறகு ஜெனரேட்டர் வெளிச்சம். நெத்திலியும் கணவாயும் வெளிச்சத்தைத் தேடி மேலே வந்து மொய்க்கும். போதுமென்று பட்டதும் ஆட்கள் உருளையைச் சுற்றி வலையை நான்கு பக்கமும் ஒரே சீராகத் தூக்குவார்கள். ஒரு மூலை முந்தினால் மீன் அடுத்த மூலைக்கு ஓடி வழிந்துவிடும். பௌர்ணமியை ஒட்டிய நாட்களில் நிலா வெளிச்சத்துக்கு முன்னால் விளக்குக்கு மதிப்பில்லை, தொழில் மந்தம். நம்மூரில் இருட்டுக்காலம் பார்த்து வலை போடும் அதே கணக்கு.

எங்கே கட்டுவது என்பதுதான் முதலாளியின் பெரிய கவலை. மீன் போகும் பாதையில் இருபது அடி தள்ளி நட்டால் போட்ட காசு கடலோடு போகும். அதனால் மலாய் மீனவர்கள் பாவாங் என்ற மந்திரவாதியை அழைத்து இடம் பார்த்து, காணிக்கை கொடுத்து, கடல் காவலர்களிடம் அனுமதி கேட்ட பிறகுதான் முதல் கம்பை இறக்குவார்கள். பாவாங்குகளில் பலர் மந்திரத்தோடு ஓட்டத்தையும் அடிமண்ணையும் நன்றாகப் படித்தவர்களாக இருந்திருக்க வேண்டும் என்பது என் கருத்து.

1960களின் நடுப்பகுதிக்குப் பிறகு கெலோங்குக்குப் புதிய உரிமம் கொடுப்பதை அரசாங்கம் நிறுத்திவிட்டது. கப்பல் போக்குவரத்துக்கு இடைஞ்சல், கரையோரத்தில் நிலமீட்பு என்று காரணங்கள். இன்று கம்பு நட்ட பழைய கெலோங்குகளை விரல்விட்டு எண்ணிவிடலாம். வடகிழக்கில் புலாவ் உபின் பக்கமாகப் போனால் கண்ணில் படும் வாய்ப்பு உண்டு. அங்கே நிறைய மிதக்கும் கூண்டுப் பண்ணைகளையும் பார்ப்பீர்கள். பேச்சில் அதையும் கெலோங் என்பார்கள், அப்பாவுக்கு வித்தியாசம் தூரத்திலேயே தெரிந்துவிடும். அது பிடிக்கிற இடமில்லை, வளர்க்கிற இடம். பெரும்பாலும் கொடுவா, களவா.

ஆக, ஒரே ஒரு நாள்தான் இருக்கிறது என்றால் புலாவ் உபினுக்குப் போங்கள். தானா மேரா ரயில் நிலையத்திலிருந்து 2ஆம் எண் பேருந்து சாங்கி வில்லேஜுக்குப் போகிறது. அங்கே சாங்கி முனைப் படகுத்துறை. நேர அட்டவணை கிடையாது, 12 பேர் சேர்ந்தால் படகு கிளம்பும். ஆளுக்கு நான்கு வெள்ளி (சிங்கப்பூர் டாலர்), ரொக்கமாக வைத்துக்கொள்ளுங்கள். வார நாளில் காலையிலேயே போவது நல்லது. சனி, ஞாயிறு சைக்கிள் கூட்டத்தில் உங்கள் அப்பா ஓட்டத்தைப் பார்ப்பாரா, சைக்கிளுக்கு வழிவிடுவாரா? ஒன்று கவனம்: ஏப்ரலுக்குப் பிறகு விடிகாலையில் 'சுமத்ரா' என்று சொல்லும் திடீர்ப் புயல்மழை மேற்கிலிருந்து வரும். ஒரு மணி நேரம் கொட்டித் தீர்த்துவிட்டுப் போய்விடும். அந்த நேரத்தில் படகுக்காரர் கிளம்ப மறுத்தால் அப்பா அவர் பக்கம்தான் பேசுவார்.

உபின் பத்துச் சதுர கிலோமீட்டர் அளவுள்ள கருங்கல் தீவு. மீனோடு கல்லும் அதன் பிழைப்பு. 1850-51இல் ஹார்ஸ்பர்க் கலங்கரை விளக்கம் கட்ட இங்கிருந்துதான் கல் போனது. 1924இல் திறந்த ஜொகூர் கடற்பாலத்துக்கும் இங்கிருந்து கல் போனது. 1970களில் இரண்டாயிரம் பேர் அளவுக்கு இருந்த ஊர், கல்லுடைப்பு ஒவ்வொன்றாக மூடி, 1999இல் கடைசிக் கல்குவாரியும் நின்ற பிறகு, சில டஜன் பேர் மட்டும் தங்கும் இடமாகிவிட்டது. துறையில் இறங்கியதும் ஒரு சின்னக் கடைத்தெரு, சீனக் கோயில், எதிரே நாடக மேடை. வலப்பக்கம் திரும்பிப் பார்த்தால் தண்ணீரில் கால் ஊன்றிய வீடுகள். மலாய்க் குடும்பங்களின் வீடுகள் இன்னும் உள்ளே, மரங்களுக்கு நடுவில் இருக்கின்றன. ஒரு காலத்தில் இறால் வளர்த்த குட்டைகளை இப்போது கண்டல் காடு திருப்பி எடுத்துக்கொண்டிருக்கிறது.

அந்த ஜொகூர் கடற்பாலம் பற்றி அப்பாவிடம் கட்டாயம் சொல்லுங்கள், அவருக்கு உடனே பிடிபடும் விஷயம். பாலம் என்று பெயர், உண்மையில் கல்லைக் கொட்டி நீரிணையைக் குறுக்கே அடைத்த அணை. அதற்கு முன் கிழக்கிலிருந்து மேற்கே தண்ணீர் நேராக ஓடியது. அடைத்த பிறகு இரண்டு பக்கமும் முட்டுச்சந்து. தண்ணீர் புரண்டு மாறுவது குறைந்துவிட்டது. 2014, 2015ஆம் ஆண்டுகளில் கிழக்குப் பக்கத்துக் கூண்டுகளில் பாசி பெருகி நூற்றுக்கணக்கான டன் மீன் செத்து மிதந்தது. காரணங்கள் பல, ஓட்டம் தடைபட்டதும் அவற்றில் ஒன்று. உபின் கல்லே உபின் கடலை அடைத்திருக்கிறது.

தீவின் கிழக்கு முனையில் செக் ஜாவா. சதுப்புநிலக் காடு, கடற்புல் திட்டு, மணல்திட்டு, பவளக் கற்குவியல் எல்லாம் ஒரே இடத்தில் கூடும் கரை. இதையும் மண் கொட்டி மூடத்தான் திட்டமிருந்தது. 2001இல் விஷயம் வெளியே தெரிந்து, மக்கள் கூட்டம் கூட்டமாக வந்து பார்த்து, மனு எழுதியதில் திட்டத்தைத் தள்ளிவைத்தார்கள். 2007 முதல் மரநடைபாதை இருக்கிறது. வற்றம் 0.5 மீட்டருக்குக் கீழே போகும் நாளாகப் பார்த்துப் போங்கள். அப்பா எட்டிப் பார்த்துவிட்டு எந்தப் பொந்தில் நண்டு, எதில் இறால் என்று சொல்லத் தொடங்கிவிடுவார். நடைபாதையின் ஏதாவது ஒரு பகுதி பழுதுபார்ப்புக்கு மூடியிருக்கலாம், கிளம்புமுன் தேசியப் பூங்காக் கழக அறிவிப்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

திரும்பும் வழியில் நேரமிருந்தால் லோயாங் துவா பெக் கோங் கோயில். 1980களில் லோயாங் கடற்கரையில் புத்தர், தாவோ, இந்து தெய்வச் சிலைகள் கிடந்ததைப் பார்த்துச் சிலர் ஒரு தகரக் கொட்டகை போட்டு ஒன்றாக வைத்தார்கள். 1996இல் தீப்பிடித்து எரிந்தது, மறுபடி கட்டினார்கள், 2007இல் இப்போதுள்ள இடத்துக்கு மாறியது. உள்ளே பிள்ளையாருக்குத் தனிச் சந்நிதி, மலாய்க் காவல் தெய்வமான டத்தோவுக்கு ஒரு கெராமாட் (புனிதத் தலம்). கடல் கொண்டுவந்து போட்டதைக் கும்பிடாமல் தாண்டிப்போகக் கூடாது என்பதை நாகைக்காரருக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

அடுத்தது கிழக்குக் கரை. மக்களை எழுப்பிவிட்டு ஊரைக் காலி செய்வதுதான் நாம் அறிந்த வழக்கம். இங்கே பல ஊர்களில் கடலை எழுப்பி அனுப்பிவிட்டார்கள். காத்தோங், சிக்லாப், பிடோக் கரையெல்லாம் மலாய், சீன மீனவர்கள் படகு ஏற்றிய இடம். 1966இல் நிலமீட்புப் பணி தொடங்கியது. பிடோக், சிக்லாப் பக்கத்து மேடுகளை வெட்டி, மண்ணை நீண்ட இயந்திரப் பட்டையில் கடலுக்கு அனுப்பிக் கொட்டினார்கள். இருபது ஆண்டு அளவுக்கு நடந்து, 1,525 ஹெக்டேர் புதிய நிலம் வந்தது. நாட்டின் மொத்தப் பரப்பும் விடுதலை நேரத்தில் 581 சதுர கிலோமீட்டராக இருந்தது, இப்போது 735க்கு மேல். படகை ஏற்ற கரை இல்லாமல் போன மீனவர், வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) அடுக்குமாடி வீட்டுச் சாவியை வாங்கிக்கொண்டு வேறு வேலைக்குப் போனார்.

இதைப் பார்க்க ஒரு நல்ல நடை இருக்கிறது. சிலோன் ரோட்டில் ஸ்ரீ செண்பக விநாயகர் கோயிலில் தொடங்குங்கள். 1850களில் குளத்தோரம், செண்பக மரத்தடியில் கிடைத்த பிள்ளையாரை வைத்து எழும்பிய கோயில் அது, யாழ்ப்பாணத் தமிழர் வளர்த்தது. அங்கிருந்து ஈஸ்ட் கோஸ்ட் ரோட்டைத் தாண்டித் தெற்கே நடந்தால் சிறிது நேரத்தில் பழைய கரைக்கோடு காலடியில் வந்துவிடும். கண்ணுக்கு எதுவும் தெரியாது, அடுக்குமாடி வீடுகளும் கடைத்தொகுதியும்தான். அங்கேயே நின்று, கடல் எவ்வளவு தூரம் போய்விட்டது என்று அப்பாவைப் பார்க்கச் சொல்லுங்கள். காத்தோங் பார்க் ரயில் நிலையத்தின் பக்கத்தில் இருக்கும் பூங்காவும் கடலோரப் பூங்காவாக இருந்ததுதான். மண்ணுக்கடியில் 1879இல் கட்டிய கோட்டையின் அடித்தளம் கிடைத்திருக்கிறது. கப்பலைச் சுடக் கட்டிய கோட்டை இன்று விரைவுச்சாலையைப் பார்த்துக்கொண்டிருக்கிறது.

இதே கதை தெலுக் ஆயர் தெருவில் அதற்கு ஏறக்குறைய எண்பது வருஷம் முன்பே நடந்து முடிந்தது. உங்கள் அப்பாவுக்கு இது சொந்த ஊர்ச் சமாச்சாரம் போல இருக்கும். 1828க்கும் 1830க்கும் இடையில் அங்கே ஒரு நாகூர் தர்கா கட்டினார்கள். சோழமண்டலக் கரையிலிருந்து வந்த மரக்காயர்கள், தோணிக்காரர்கள், வணிகர்கள் கப்பலிலிருந்து இறங்கியதும் நாகூர் ஆண்டவருக்கு நன்றி சொன்ன இடம். அன்று கதவைத் திறந்தால் எதிரே கடல். 1880களை ஒட்டி நடந்த நிலமீட்பில் கடல் பல தெருக்கள் தள்ளிப் போய்விட்டது. இப்போது சுற்றிலும் கண்ணாடிக் கோபுரங்கள். கட்டடம் இந்திய முஸ்லிம் மரபுடைமை நிலையமாக இருக்கிறது. அதே வரிசையில் சீன மாலுமிகள் கடல் தாய்க்குக் கட்டிய தியான் ஹொக் கெங் கோயில், கொஞ்சம் தள்ளி இன்னொரு தமிழ் முஸ்லிம் பள்ளிவாசலான அல்-அப்ரார். கடலுக்குப் பயந்தவர்கள் எல்லோரும் ஒரே தெருவில்தான் கும்பிட்டிருக்கிறார்கள். சிங்கப்பூர் ஆற்றில் சரக்குத் தோணி தள்ளியவர்களிலும் 19ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரைக்கும் நம் கரை ஆட்களே அதிகம், பிறகுதான் அந்தத் தொழில் சீனர் கைக்குப் போனது. இங்கே தமிழர் என்றால் ரப்பர்த் தோட்டமும் ரோடு வேலையும் மட்டும் என்று நினைப்பவர்களுக்கு இதைச் சொல்லிவைக்க வேண்டும்.

பிடித்த மீன் எங்கே போனது என்பதற்கு வருகிறேன். அப்பர் சிராங்கூன் சாலையின் கடைசியில், சிராங்கூன் ஆற்றங்கரையில் காங்கார் என்று, தியோச்சியூ மொழி பேசும் சீன மீனவர்களின் ஊர் ஒன்று இருந்தது. பலர் கத்தோலிக்கர்கள், அவர்களுடைய மாதா கோயில் இன்றும் அந்தச் சாலையில் நிற்கிறது. ஊரின் உயிர் மீன் மொத்தச்சந்தை. அங்கே ஏலம் எப்படி நடந்தது தெரியுமா? உங்கள் நாகைப் பக்கத்து அக்கரைப்பேட்டையில் ஏலக்காரர் தொண்டை கிழியக் கத்துவார், எல்லோருக்கும் கேட்கும்படி விலை ஏறும். இங்கே தியோச்சியூ ஏலத்தில் சத்தமே கிடையாது. வாங்குகிறவர் ஒவ்வொருவராக ஏலக்காரரிடம் சாய்ந்து, காதோடு தன் விலையைச் சொல்லிவிட்டு விலகிவிடுவார். பக்கத்து ஆள் என்ன கேட்டார் என்று இவருக்குத் தெரியாது. ஏலக்காரர் அத்தனை விலையையும் தலையில் வைத்துக்கொண்டு, அதிகம் சொன்னவர் பக்கம் கூடையைத் தள்ளிவிடுவார். கூட்டுச் சேர்ந்து விலையை அமுக்க முடியாது என்பது இதில் உள்ள நன்மை. ஏலக்காரர் யோக்கியராக இல்லாவிட்டால் கேட்க நாதியில்லை என்பது தீமை. அப்பாவிடம் சொல்லிப் பாருங்கள், எந்த ஏலம் நியாயம் என்பதிலேயே ஒரு சாயங்காலம் கழிந்துவிடும்.

காங்கார் சந்தை 1984இல் பொங்கோலுக்குப் போனது, பொங்கோல் 1997இல் செனோக்கோவுக்குப் போனது, செனோக்கோவும் 2024இல் மூடி, இப்போது ஜூரோங் மீன்பிடித் துறைமுகம் ஒன்றுதான் மீதி. நள்ளிரவுக்குப் பிறகு லாரியும் படகும் வந்து, விடிவதற்குள் தீவு முழுவதற்கும் மீன் பிரிந்து போய்விடும். பெரும்பகுதி இந்தோனேசியா, மலேசியா என்று வெளியிலிருந்து வருவது. 2021 ஜூலையில் அங்கே கொவிட் பரவிச் சந்தையையே இரண்டு வாரம் மூட வேண்டியிருந்தது. முன்போல நினைத்ததும் உள்ளே போய்ச் சுற்றலாம் என்று நம்பி அதிகாலை இரண்டு மணிக்குப் பெரியவரை டாக்சியில் ஏற்றாதீர்கள். சிங்கப்பூர் உணவு அமைப்பிடம் முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள்.

ஜூரோங் சரிப்படாவிட்டால் லிட்டில் இந்தியாவின் தேக்கா சந்தை போதும், எனக்கென்னவோ அதுவே மேல் என்று படுகிறது. காலை ஏழு மணிக்குள் போங்கள். திங்கட்கிழமை வேண்டாம், பல மீன்கடைகள் மூடியிருக்கும். வஞ்சிரம், வவ்வால், கொடுவா, திருக்கை எல்லாவற்றையும் அப்பா பெயர் சொல்லிக் கூப்பிடுவார், கடைக்காரரும் பல கடைகளில் தமிழிலேயே பதில் சொல்வார். முள்ளுவாளையை மட்டும் விடாமல் காட்டுங்கள். முள் அதிகம் என்று நம்மில் பலர் ஒதுக்குகிற மீன். தியோச்சியூக்காரர்கள் அதைப் பிளந்து, கரண்டியால் சதையைச் சுரண்டி எடுப்பார்கள். முள் தோலோடு தங்கிவிடும். சதையில் உப்புநீர் சேர்த்துப் பாத்திரத்தில் அடித்து அடித்துப் பிசைந்தால் பசைபோல ஆகும். கைமுட்டியில் பிதுக்கி எடுத்தால் மீன் உருண்டை. உணவங்காடியில் ஒரு கிண்ணம் வாங்கிக் கொடுத்துவிட்டு, இது என்ன மீன் என்று கேளுங்கள்.

மீன்தலைக் கறியையும் சேர்த்துக்கொள்ளலாம். அதை இங்கே கடையில் விற்கத் தொடங்கியவர் எம்.ஜே. கோமஸ் என்ற கேரளக்காரர் என்பார்கள், 1940களின் கடைசியில், சோபியா ரோடு பக்கம். சீன வாடிக்கையாளர்களுக்குத் தலை பிடிக்கும் என்று கண்டுபிடித்த புத்தி. நம்மூரில் வீட்டுக்குள் சண்டை போட்டுத் தின்கிற தலைக்கு இங்கே தனி விலை.

தெற்குத் தீவுகளைப் பற்றிச் சொல்லாமல் விட்டால் பதில் முழுமையாகாது. ஆனால் அங்கே காட்டுவதற்கு ஒன்றும் இல்லை. தலைமுறை தலைமுறையாகக் கடலிலேயே வாழ்ந்த ஓராங் லாவுட் மக்களின் வழிவந்தவர்கள் சூடோங், செமாக்காவ், சேக்கிங் தீவுகளில் கால் ஊன்றிய வீடுகளில் இருந்தார்கள். 1970களில் தொடங்கித் தெலுக் பிளாங்கா, புக்கிட் மேரா பக்கத்து அடுக்குமாடிகளுக்கு அவர்களை மாற்றினார்கள். சேக்கிங்கில் மிஞ்சியவர்கள் 1994இல் கிளம்பினார்கள். செமாக்காவுக்கும் சேக்கிங்குக்கும் நடுவில் ஏழு கிலோமீட்டர் நீளத்துக்குக் கல் கரை கட்டி, 1999 முதல் நாடு முழுவதும் எரிக்கும் குப்பையின் சாம்பல் அங்கே போகிறது. அந்தக் கடலில் வலை போட்டவர்களுக்கு அதைவிட நல்ல இடம் கிடைத்தது என்று சொல்பவர்கள் உண்டு. ஓடும் தண்ணீர், மின்சாரம், பள்ளிக்கூடம் கிடைத்தது உண்மைதான், நானும் மறுக்கவில்லை. ஆனால் அவர்களுக்கு இருந்த நீரோட்டக் கணக்கும் கடலடிப் பாறைத் திட்டுகளின் கணக்கும் பத்தாவது மாடியில் யாருக்குப் பயன்படும்? சமையல் மட்டும் பிழைத்திருக்கிறது. தீவு வம்சத்தார் சிலர் இன்னும் கணவாயை மையோடு கறுப்பாகக் கறி வைக்கிறார்கள். நாமோ அந்த மையைக் கழுவிக் கொட்டிவிடுகிறோம்.

வடக்கே செம்பவாங், என்னுடைய பக்கம். கடற்படைத் தளத்துக் குடியிருப்பில் வளர்ந்தேன். தமிழரும் மலையாளிகளும் நிறைந்த இடம். கொஞ்சம் நடந்தால் வாக் ஹசன் கம்பம், கடலோர மலாய் ஊர். அங்கிருந்து ஒருவர் சைக்கிளில் பிரம்புக் கூடை கட்டி மீன் கொண்டுவருவார். அம்மா எடை போடச் சொல்ல மாட்டார், செவுளைத் தூக்கிப் பார்த்துவிட்டு விலையைச் சொல்வார், அவரும் பதில் பேசாமல் கொடுத்துவிடுவார். கம்பம் இப்போது இல்லை, கரை இருக்கிறது. செம்பவாங் பூங்காவை ஒட்டிய அந்தத் துண்டு, மண் கொட்டி நீட்டாத இயற்கைக் கரைகளில் ஒன்று. சாயங்காலம் போனால் மலாய்ப் பெரியவர்கள் வட்ட நண்டுவலையில் கோழித்தலையைக் கட்டி இறக்கிக்கொண்டிருப்பார்கள். அவர்களுக்கும் உங்கள் அப்பாவுக்கும் பொதுவாக ஒரு மொழி கிடையாது. கவலைப்படாதீர்கள், பத்து நிமிஷத்தில் நண்டு எந்த ஓட்டத்தில் கடிக்கும் என்று கையாலேயே பேசத் தொடங்கிவிடுவார்கள்.

உயிரோடிருக்கும் மீனவர் ஊரையே பார்க்க வேண்டும் என்று அவர் பிடிவாதம் பிடித்தால் ஜொகூர் போக வேண்டியதுதான். தென்மேற்கு மூலையில் கூக்கூப். தண்ணீருக்கு மேல் மரப்பலகைத் தெருக்கள் கொண்ட சீன மீனவர் ஊர், இன்னும் தொழில் நடக்கிறது. ஜொகூர் நீரிணையின் கண்டல் காடுகளில் படகிலேயே வாழ்ந்த ஓராங் செலேத்தார் மக்களும் இப்போது ஜொகூர்க் கரையில்தான் ஊர் கட்டியிருக்கிறார்கள். கிளம்புமுன் அப்பாவின் சிங்கப்பூர் விசா பலமுறை நுழைய அனுமதிப்பதா என்று பாருங்கள். ஒருமுறை விசாவாக இருந்தால் கடற்பாலத்தைத் தாண்டிய பிறகு திரும்பி வர முடியாது.

ஒரு மாதம் இருக்கிறார் என்பதால் எல்லாவற்றையும் ஒரே வாரத்தில் அடைக்காதீர்கள். உபினை வற்றம் பார்த்து ஒரு நாள், தெலுக் ஆயரும் தேக்காவும் ஒரு நாள், காத்தோங் நடை ஒரு சாயங்காலம். செம்பவாங்குக்கு அவர் கேட்கும்போதெல்லாம் போகலாம். இன்னொன்று, பழக்க தோஷத்தில் வீச்சுவலையைப் பெட்டியில் வைத்துவிடப்போகிறார். பூங்காக் கரைகளில் வலை வீசினால் அபராதம் கட்ட நேரும். தூண்டில் போட அனுமதித்த படகுத்துறைகள் உண்டு. பிடோக் படகுத்துறை அதில் பெயர்போனது, பழுதுபார்ப்புக்கு அவ்வப்போது மூடுவதால் திறந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுப் போங்கள். தூண்டிலும் நரம்பும் இங்கேயே வாங்கிக்கொள்ளலாம். இரைக்கு உயிர் இறால் கேளுங்கள்.